ஷோர் பவர் வரவில்லையா? கேம்பர் டிரெய்லரில் கரன்ட் தேடும் வழி

டிரெய்லரை நிறுத்தி, சமன் பார்த்து, கேபிளைச் சொருகி, கேம்பிங் பூங்காவின் மின்பெட்டியில் (பெடஸ்டல்) பிரேக்கரைத் தூக்கியாயிற்று. உள்ளே விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்பு ஓடுகிறது, ஏசி மட்டும் அசையவில்லை. உடனே "ஏசி போச்சு" என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். விளக்கும் பம்பும் பேட்டரியில் ஓடுகின்றன. வெளியிலிருந்து கேபிள் வழியே வரும் கரன்ட், அதாவது ஷோர் பவர், துளிகூட வராமல் இருக்கலாம். விடியற்காலையில் பேட்டரி இறங்கி ஃபர்னஸ் விசிறி நின்று, குளிரில் விழித்த பிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கா, கனடா டிரெய்லர்களுக்கு: 120 வோல்ட், 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் இணைப்பு. ஐரோப்பியக் கேரவன்களின் 230 வோல்ட் நீலப் பிளக்குக்கு இந்த எண்கள் பொருந்தாது.

தேடும் வரிசை எப்போதும் வெளியிலிருந்து உள்ளே: பெடஸ்டல், பிளக், கேபிள், டிரெய்லர் சுவரில் உள்ள இன்லெட், இ.எம்.எஸ். பாதுகாப்புப் பெட்டி, டிரான்ஸ்ஃபர் சுவிட்ச், மெயின் பிரேக்கர், கிளை பிரேக்கர்கள். செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை இந்த வரிசையின் முன்பாதியில் இருக்கின்றன. பழுதும் பெரும்பாலும் அங்கேதான்.

## கை வைக்கும் முன்

வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், மூன்று விளக்குள்ள பிளக் டெஸ்டர், தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் வோல்டேஜ் பேனா, 30 ஆம்பிலிருந்து 15 ஆம்புக்கு மாற்றும் அடாப்டர், 15 முதல் 40 ஆம்ப் வரை சில பிளேடு பியூஸ்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த நியான் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அது ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நியூட்ரல் அறுந்திருந்தாலும் எர்த் இல்லாவிட்டாலும் அதே ஒளியோடு எரியும். ஷோர் பவர் பழுதுகள் பல நியூட்ரலிலும் எர்த்திலும் இருக்கும்போது அந்த ஒளி ஏமாற்றத்தான் செய்யும்.

ஒயர் நிறத்தில் இன்னும் பெரிய ஆபத்து. தமிழ்நாட்டில் கறுப்பு ஒயர் என்றால் நியூட்ரல். இங்கே கறுப்பு ஒயர்தான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ உறையில்லாத செம்போ எர்த். டிரெய்லரின் 12 வோல்ட் பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். ஒரே பேனலுக்குள் இரண்டு ஜோடியும் இருக்கும். கை பழகிய நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

பெடஸ்டல் பிரேக்கர் அணைந்திருக்கும்போது மட்டுமே பிளக்கைச் சொருகவும் எடுக்கவும் வேண்டும். ஏசி ஓடும்போது பிளக்கை உருவினால் பின் நுனியில் தீப்பொறி பறக்கும். அடுத்த கோடையில் அதே பின் கருகும்.

## எது செத்திருக்கிறது?

120 வோல்ட்டில் ஓடுபவை: ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள், வாட்டர் ஹீட்டரின் மின் எலிமென்ட், பேட்டரியை ஏற்றும் கன்வெர்ட்டர். 12 வோல்ட்டில் ஓடுபவை: விளக்கு, பம்பு, ஃபர்னஸ் விசிறி, ஸ்லைடு மோட்டார், பிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு.

நம்பகமான அடையாளம் மைக்ரோவேவ் கடிகாரம். அது இருண்டிருந்தால் 120 வோல்ட் அங்கே இல்லை. பிரிட்ஜை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். கேஸிலும் ஓடும் பிரிட்ஜ் 'ஆட்டோ'வில் இருந்தால் கரன்ட் போனதும் சத்தமில்லாமல் கேஸுக்கு மாறிக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.

## அறிகுறி 1: 120 வோல்ட் எங்கேயும் இல்லை

### பெடஸ்டல் பிரேக்கர்

டிரிப் ஆன பிரேக்கர் நடுவில் நிற்கும். பார்வைக்கு ஆனில் இருப்பதுபோலவே தெரியும். முதலில் ஆஃப் பக்கம் 'டக்' என்று உணரும்வரை முழுதாகத் தள்ளி, பிறகு ஆன் செய்யவும். பாதியிலிருந்து மேலே தள்ளினால் அது பிடிக்காது. ஒரே பெட்டியில் 15 அல்லது 20, 30, 50 ஆம்புக்குத் தனித்தனி பிரேக்கர் உண்டு. நீங்கள் சொருகிய பிளக்குக்கு உரியதைத்தான் தூக்கினீர்களா என்றும், இரண்டு இடங்களுக்குப் பொதுவான பெட்டி என்றால் பக்கத்து ஆளுடையதை ஆட்டிவிடவில்லையே என்றும் பாருங்கள்.

பலர் கை வைத்துத் தேய்ந்த பிரேக்கர் ஆனில் இருந்தும் கரன்ட் விடாமல் இருப்பது உண்டு. அளந்தால்தான் தெரியும்.

### பெடஸ்டலில் அளப்பது

டிரெய்லர் பிளக்கை எடுத்துவிட்டு, பிரேக்கரை ஆன் செய்து, மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்து 30 ஆம்ப் துளைகளில் அளக்கவும். வட்டத் துளை எர்த். சாய்ந்த இரு துளைகளில் எது எர்த்துக்கு 120 காட்டுகிறதோ அது ஃபேஸ், மற்றது நியூட்ரல்; இரண்டும் இடம் மாறியிருப்பதை மீட்டர் இப்படிக் காட்டாது, அடாப்டரில் சொருகிய மூன்று விளக்கு டெஸ்டர்தான் காட்டும். மழையிலோ ஈரக் கையோடோ செய்ய வேண்டாம். விரல் புரோபின் உலோகத்தைத் தொடக்கூடாது.

- ஃபேஸ்–நியூட்ரல் 114 முதல் 126 வரை, ஃபேஸ்–எர்த் அதே அளவு, நியூட்ரல்–எர்த் 0 முதல் 2 வரை: பெடஸ்டல் நலம். உள்ளே தேடுங்கள்.
- எல்லாமே பூஜ்யம்: பிரேக்கர் செத்திருக்கிறது, அல்லது பெடஸ்டலுக்கே கரன்ட் வரவில்லை.
- ஃபேஸ்–எர்த் 120, ஃபேஸ்–நியூட்ரல் பூஜ்யமோ கண்டபடியோ: நியூட்ரல் அறுந்திருக்கிறது.
- ஃபேஸ்–நியூட்ரல் 120, ஃபேஸ்–எர்த் பூஜ்யமோ கண்டபடியோ: எர்த் இல்லை. எல்லாம் ஓடும்; ஆனால் சொருகக்கூடாது.
- ஃபேஸ் இருக்கவேண்டிய துளையில் நியூட்ரலும் நியூட்ரல் துளையில் ஃபேஸும் என்று டெஸ்டர் காட்டினால்: போலாரிட்டி மாறியிருக்கிறது. பிரேக்கரை அணைத்தாலும் சாதனங்களுக்குள் ஃபேஸ் நிற்கும்.
- 240: தொடாதீர்கள். அறிகுறி 8-ஐப் பாருங்கள்.

முதல் வரியைத் தவிர எது வந்தாலும் பூங்கா அலுவலகத்தில் சொல்லி இடம் மாற்றிக் கேளுங்கள். பெடஸ்டல் மூடியைக் கழற்றுவது அவர்களுடைய வேலை. பிரேக்கரை அணைத்தாலும் உள்ளே வந்து நிற்கும் பிரதான ஒயரில் உயிர் இருக்கும்.

### பிளக்கும் கேபிளும்

பெடஸ்டல் நலமென்றால் அடுத்தது இதுதான். பிரேக்கரை அணைத்துப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பாக, கறுப்பாக, நீலம் பாய்ந்தாற்போல இருக்கிறதா? பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா? பின் ஆடுகிறதா? லேசான கறை என்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் சொருகலாம். பிளாஸ்டிக் உருகியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை. பிளக் தலையை மாற்ற வேண்டும்.

கேபிள் தனியாகக் கழலும் வகை என்றால் இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில் (ஒயர் அறாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து மூன்று ஒயரையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்க்கும்போது பிளக்குக்கு அருகில் ஒரு சாண் நீளத்தை வளைத்து ஆட்டுங்கள். கேபிள் நடுவில் அறுவது அபூர்வம், கழுத்தில்தான் அறும். குளிர்காலம் முழுக்கச் சேமிப்பில் கிடந்த டிரெய்லர் என்றால், கேபிள் சுருட்டிவைக்கும் பெட்டிக்குள் எலி கடித்த தடமும் தேடுங்கள்.

பிளக் தலையை மாற்றும்போது 30 ஆம்புக்கு 10 கேஜ் ஒயர்தான் பொருந்தும் (கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன்). கறுப்பு பித்தளை நிறத் திருகுக்கு, வெள்ளை வெள்ளி நிறத் திருகுக்கு, பச்சை பச்சைத் திருகுக்கு. இறுக்கிய பிறகு ஒயரை நன்றாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி கழற்றிச் செய்யவேண்டும். அந்த அசைவுதான் அடுத்த கருகல்.

### இன்லெட்

சுவரில் திருகிப் பூட்டும் வகைப் பிளக்கை உள்ளே தள்ளி, வலப்பக்கம் நிற்கும்வரை திருப்பி, பிறகு வெளி வளையத்தைத் தனியாக இறுக்க வேண்டும். வளையத்தை மட்டும் இறுக்கிவிட்டுப் போவது சகஜம். வளையம் பிடித்துக்கொள்ளும், உள்ளே பின்கள் பாதி பட்டும் படாமலும் நிற்கும். முதல் நாள் ஓடி, இரண்டாம் நாள் ஏசி போட்டதும் நின்றுபோகும் டிரெய்லர்களில் இதை முதலில் பாருங்கள்.

இன்லெட்டின் ஒரு பின்னில் கருகல் இருந்தால் கேபிள் முனையையும் இன்லெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், தளர்ந்துபோன பழையது புதியதையும் சுட்டுவிடும்.

### இ.எம்.எஸ். பெட்டி

வெறும் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் பாய்ச்சல்) பாதுகாப்புக்கும் இ.எம்.எஸ்ஸுக்கும் வித்தியாசம் உண்டு. இ.எம்.எஸ். வோல்டேஜ், போலாரிட்டி, எர்த் எல்லாம் சோதித்து, திருப்தி ஆன பிறகே உள்ளே விடும். அந்தக் காத்திருப்பு சில மாடல்களில் 2 நிமிடத்துக்கும் மேல். சொருகிய அரை நிமிடத்தில் "கரன்ட் இல்லை" என்று கழற்றி, மறுபடி சொருகி, மறுபடி கழற்றுபவர்களுக்குக் கரன்ட் வரவே வராது. மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள்.

புரோக்ரசிவ் இண்டஸ்ட்ரீஸ் பெட்டிகளில் திரையில் வரும் எண்கள்: இ-0 சாதாரணம், இ-1 போலாரிட்டி மாறியது, இ-2 எர்த் இல்லை, இ-3, இ-4 முதல் லைனில் அதிக, குறைந்த வோல்டேஜ், இ-5, இ-6 இரண்டாம் லைனில் அவையே, இ-7, இ-8 அதிர்வெண் கூடுதல், குறைவு, இ-9 திரைக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்பு இல்லை, இ-10 சர்ஜ் பகுதி தீர்ந்துவிட்டது, மாற்றவேண்டும். 104 வோல்ட்டுக்குக் கீழேயும் 132க்கு மேலேயும் இது துண்டித்துவிடும்.

இ-2 சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் சொருகும்போதும் வரும். அந்த ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்காது, பழுது இல்லை.

இ-1, இ-2 பெடஸ்டலில் வந்தால், பைபாஸ் சுவிட்ச் இருக்கிறதே என்று அதைத் தட்ட வேண்டாம். அந்தப் பெட்டியை வாங்கியதே இந்த இரண்டுக்காகத்தான்.

### டிரான்ஸ்ஃபர் சுவிட்ச்

ஷோர் பவரா, ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டர் கரன்ட்டா, எது உள்ளே போவதென்று மாற்றிவிடும் பெட்டி இது. ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உள்ள டிரெய்லர்களில் மட்டும் இருக்கும். கேபிள் உள்ளே வரும் இடத்துக்கு அருகிலோ பேனலுக்குப் பின்னாலோ ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கரன்ட் வந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை, அல்லது விடாமல் 'டர்ர்' என்கிறது என்றால் ரிலே பிடிக்கவில்லை. வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் அப்படி அடிக்கும் என்பதால் பெடஸ்டல் அளவை மறுபடி பாருங்கள்.

பிளக்கை எடுத்து, ஜெனரேட்டரை நிறுத்தி, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து கருகலும் தளர்ந்த திருகும் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் உயிருள்ள நிலையில் அளப்பது டெக்னீஷியன் வேலை.

### மெயின் பிரேக்கர்

டிரெய்லருக்குள் பேனலில் 30 ஆம்ப் மெயின். ஆஃப் வரை தள்ளி ஆன். இத்தனை தூரம் வந்தும் விடை கிடைக்கவில்லை என்றால் பேனல் முகப்பைக் கழற்ற வேண்டிய கட்டம். பிளக் வெளியே இருக்கும்போது நியூட்ரல் பட்டையின் திருகுகளை இறுக்கிப் பார்க்கலாம்; சாலை அதிர்வில் அவை தளரும். மெயின் பிரேக்கருக்குள் கரன்ட் வந்து, வெளியே போகவில்லையா என்று அளப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 2: சில பிளக்குகள் மட்டும் செத்திருக்கின்றன

மைக்ரோவேவ் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, சமையல் மேடைப் பிளக்கும் வெளிச்சுவர்ப் பிளக்கும் மட்டும் இல்லை. பெரும்பாலும் விடை குளியலறையில் இருக்கும். எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் ஒரே ஒரு ஜி.எஃப்.சி.ஐ. பிளக் குளியலறை, சமையல் மேடை, வெளிச்சுவர் எல்லாவற்றையும் தன் பின்னால் வைத்துக் காக்கும். சுமார் 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே விழுந்துவிடும். வெளிப் பிளக்குக்குள் மழைநீர் போனால் உள்ளே சமையல் மேடை சாகும்.

ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். நிற்கவில்லையா? அதன் பின்னால் சொருகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, வெளிப் பிளக்கைக் காயவிட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அதற்கு கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். புதிய மாடல்கள் கரன்ட் இல்லாமல் ரீசெட் ஆகாது. கரன்ட் வந்தும் நிற்காத ஜி.எஃப்.சி.ஐ. தன் ஆயுளை முடித்துவிட்டது. மாற்றும்போது 'லைன்' (கரன்ட் வரும் பக்கம்), 'லோடு' (அடுத்த பிளக்குகளுக்குப் போகும் பக்கம்) இரண்டையும் மாற்றிக் கட்டிவிடாதீர்கள்.

ஜி.எஃப்.சி.ஐ. சரி, கிளை பிரேக்கரும் சரி, ஆனாலும் ஒரு பிளக்கும் அதற்குப் பின்னுள்ளவையும் இல்லை என்றால் டிரெய்லர் பிளக்குகளின் கட்டமைப்பைச் சந்தேகியுங்கள். தொழிற்சாலையில் திருகு போடாமல், ஒயரைப் பல்லில் அழுத்திப் பொருத்தும் மெல்லிய பிளக்குகளைத்தான் போடுகிறார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் குலுங்கிய பிறகு பல் விடும். உயிரோடிருக்கும் கடைசிப் பிளக்கையும் செத்த முதல் பிளக்கையும் திறந்து பாருங்கள். பழுது அந்த இரண்டுக்குள் ஒன்றில் இருக்கும்.

## அறிகுறி 3: 50 ஆம்ப் டிரெய்லரில் பாதி மட்டும் ஓடுகிறது

50 ஆம்ப் பிளக்கில் நான்கு பின்: இரண்டு ஃபேஸ் லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். லைனுக்கு லைன் 240, ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் 120. முன் ஏசி ஓடுகிறது, பின் ஏசி இல்லை என்றால் ஒரு லைன் வரவில்லை. பெடஸ்டலின் இரட்டைப் பிரேக்கரை ஆஃப் ஆன் செய்து, இரண்டு லைனையும் தனித்தனியே அளந்து, பிளக்கில் கருகிய பின்னைத் தேடுங்கள். வேலை அறிகுறி 1 போலவே.

நிறுத்தி நிதானிக்க வேண்டிய இடம் வேறு. விளக்கு ஒரு பக்கம் மங்கி, இன்னொரு பக்கம் கண்ணைக் கூசும் அளவு எரிந்தால், மைக்ரோவேவ் வழக்கத்துக்கு மாறாக உறுமினால், நியூட்ரல் அறுந்திருக்கிறது. 240 வோல்ட் இரண்டு பக்கத்துக்கும் சமமில்லாமல் பிரிகிறது: ஒரு லைனில் 80, மற்றதில் 160 என்று. சில விநாடியில் டிவி, மைக்ரோவேவ் போர்டு, கன்வெர்ட்டர் எல்லாம் போகும். உள்ளே ஓடிச்சென்று ஒவ்வொன்றாக அணைக்க வேண்டாம். பெடஸ்டல் பிரேக்கரை அணையுங்கள், பிறகு பிளக்கை எடுங்கள், பிறகு அலுவலகம். அறுந்தது கேபிளிலா பெடஸ்டலிலா என்று தெரியும்வரை அந்தக் கேபிளை எங்கும் சொருகக்கூடாது.

## அறிகுறி 4: பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறது

தூக்கிய கணமே விழுகிறது: ஷார்ட். டிரெய்லருக்குள் மெயினையும் எல்லா கிளை பிரேக்கர்களையும் அணைத்துவிட்டு பெடஸ்டலைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் ஷார்ட் மெயினுக்கு முன்னால்: பிளக், கேபிள், இன்லெட், டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். நின்றால் மெயினை ஆன் செய்து, கிளைகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தக் கிளையை அணைத்துவைத்து மற்றதோடு பயணத்தை ஓட்டலாம். விழும் பிரேக்கரைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பது தீ வைப்பதற்குச் சமம்.

ஏசி கிளம்பும்போது விழுகிறது: கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஏசியை அணைத்த உடனே மறுபடி போட்டிருந்தால் இது சகஜம். ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் இதுவே நடக்கும். அளவு சரியாக இருந்தும் விழுந்தால் ஸ்டார்ட் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம். கெபாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் தெரிந்தவர் மாற்றட்டும்.

பத்து இருபது நிமிடம் கழித்து விழுகிறது: லோடு அதிகம். கணக்கு எளிது: 30 ஆம்ப் பெருக்கல் 120 வோல்ட், 3600 வாட். மணிக்கணக்கில் ஓட்டுவதென்றால் அதில் 80 சதவீதம், 24 ஆம்ப். 13,500 பி.டி.யு. ஏசி ஓடும்போது 12 முதல் 15 ஆம்ப். வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் 1440 வாட், 12 ஆம்ப். மைக்ரோவேவ் 10 முதல் 13. 1500 வாட் ஹீட்டரோ கெட்டிலோ 12.5; பேட்டரி இறங்கியிருக்கும்போது 55 ஆம்ப் கன்வெர்ட்டர் சுமார் 8; மின்சாரத்தில் ஓடும் பிரிட்ஜ் 3. காலையில் ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது இட்லிக்கு 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் அது தனியாகவே 15 ஆம்ப். இட்லி வேகும்வரை வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுங்கள், விஷயம் முடிந்தது.

லோடு குறைவாக இருந்தும் விழுகிறது, பிரேக்கர் முகம் தொட முடியாத சூடு என்றால் பெடஸ்டல் பிரேக்கர் தளர்ந்துவிட்டது. இடம் மாற்றுங்கள்.

## அறிகுறி 5: வீட்டு ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கில் சொருகியதும் விழுகிறது

பூங்காவில் ஒழுங்காக ஓடும், வீட்டு வாசலில் அடாப்டர் போட்டுச் சொருகினால் நொடியில் விழும். பெடஸ்டலின் 30 ஆம்ப் பிளக்குக்குப் பெரும்பாலும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு இல்லாததால் அங்கே கசிவு மறைந்திருந்தது; வீட்டுப் பிளக் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

மெயின் உட்பட எல்லா பிரேக்கர்களையும் அணைத்துவிட்டுச் சொருகுங்கள். விழாவிட்டால் மெயினை ஆன் செய்யுங்கள்.

### இப்போது விழவில்லை

கிளைகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். முதல் சந்தேகம் வாட்டர் ஹீட்டர் எலிமென்ட். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே அது வெடித்துவிடும். வெடித்த எலிமென்ட் தண்ணீர் வழியாக எர்த்துக்குக் கசியும். பிளக்கை எடுத்துவிட்டு, எலிமென்டின் இரண்டு ஒயரையும் கழற்றி அளக்கவும். 1440 வாட் எலிமென்ட் முனைக்கு முனை 10 ஓம் காட்ட வேண்டும்; எந்த முனைக்கும் தொட்டி உடலுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் எலிமென்டை மாற்றுங்கள். அடுத்த சந்தேகங்கள்: பிரிட்ஜின் ஹீட்டர், வெளிச்சுவர்ப் பிளக், கடைசியில் ஏசி.

### எல்லாம் அணைந்திருந்தும் விழுகிறது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பிரேக்கர் அறுப்பது ஃபேஸை மட்டும். நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கிறது. டிரெய்லருக்குள் எங்காவது நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டால், ஒரு பிரேக்கர்கூட ஆனில் இல்லாமலேயே ஜி.எஃப்.சி.ஐ. விழும். டிரெய்லர் பேனலில் இரண்டும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். சேர்வது மூல இடத்தில் மட்டும். வீட்டு மெயின் பேனலில் சேர்த்துப் பழகியவர் டிரெய்லர் பேனலை மாற்றும்போது இரண்டையும் இணைக்கும் பச்சைத் திருகையும் முடுக்கிவிட்டுப் போவது உண்டு.

சோதனை: பிளக்கைக் கையில் எடுத்து, இன்வெர்ட்டர் இருந்தால் அணைத்து, நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். எதுவும் காட்டக்கூடாது. சில ஓம் வந்தால், நியூட்ரல் பட்டையிலிருந்து வெள்ளை ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே அளந்தால் குற்றவாளிக் கிளை தெரியும். அணைத்துவைத்த வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட் நியூட்ரல் முனையில் வெடித்திருந்தாலும் இதே அளவுதான் வரும். பேனலைப் பிரிக்கும் முன் அதன் ஒயரைக் கழற்றிப் பார்ப்பது எளிது.

## அறிகுறி 6: ஓடுகிறது, ஆனால் வோல்டேஜ் குறைவு, பிளக் சூடு

கோடை நீண்ட வார இறுதியில் பூங்கா நிறைந்து எல்லா ஏசியும் ஓடும்போது மாலை நாலு மணிக்கு வோல்டேஜ் இறங்கும். 108க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் குறைந்த வோல்டேஜில் அதிக ஆம்ப் இழுத்துச் சூடேறிச் சாகும்.

பெடஸ்டலில் 118, உள்ளே 106 என்றால் குறை உங்கள் பக்கம். 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் 100 அடி போட்டு அதில் 15 ஆம்ப் ஓட்டினால் 12 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். போன வோல்டேஜ் வெப்பமாகிறது. நீளம் போதவில்லை என்றால் 10 கேஜ் 30 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் மட்டும். சுருட்டியபடியே ஓட்ட வேண்டாம், சூடு வெளியேறாது.

அரை மணி ஓடிய பிறகு பிளக்கைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் பின்கள் தளர்வு. பெடஸ்டலின் சாக்கெட் தளர்ந்திருந்தால் பிளக் தன் எடையிலேயே தொங்கும். அந்த இடம் வேண்டாம்.

## அறிகுறி 7: டிரெய்லர் உடலைத் தொட்டால் சுரீரென்கிறது

இதில் வீட்டில் செய்யும் சோதனை ஒன்றே: ஈரத் தரையில் நின்று தொடாமல், வோல்டேஜ் பேனாவை டிரெய்லர் உடலுக்கு அருகில் கொண்டுபோங்கள். கத்தினால் உடலில் மின்சாரம் நிற்கிறது. எர்த் அறுந்திருக்கிறது, கூடவே எங்கோ கசிவு. பெடஸ்டல் பிரேக்கரை அணைத்து, பிள்ளைகளை விலக்கி, பிளக்கை எடுங்கள். செருப்பு போட்டிருந்தால் பரவாயில்லை என்று இரவை ஓட்டக்கூடாது. மழைக்குப் பின் வெறுங்காலில் வரும் குழந்தைக்கு அதே கதவுப்பிடி உயிரை எடுக்கும். எர்த் பின் உடைந்த அடாப்டரோ எக்ஸ்டென்ஷனோ இருந்தால் அன்றே வெட்டிப் போடுங்கள். கசிவைத் தேடுவது டெக்னீஷியன்.

## அறிகுறி 8: வீட்டில் புதிதாகப் போட்ட 30 ஆம்ப் பிளக்கில் எல்லாம் எரிந்துபோனது

டிரெய்லரின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட். பார்வைக்குப் பழைய துணி உலர்த்தியின் 240 வோல்ட் பிளக் போலவே இருக்கும். டிரெய்லர் தெரியாத எலக்ட்ரீஷியன் "30 ஆம்ப்தானே" என்று இரட்டைப் பிரேக்கர் போட்டு 240 கொடுத்துவிடுவார். முதல் தடவை சொருகும்போதே கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், சர்ஜ் பெட்டி எல்லாம் போகும். புதுப் பிளக் எதுவானாலும் அளக்காமல் சொருகாதீர்கள். பேனலில் அதற்கு ஒற்றை 30 ஆம்ப் பிரேக்கர்தான் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு ஆள் வைத்தால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரராக இருக்க வேண்டும். என்ன வேண்டுமென்று வாயால் சொல்லாமல் "120 வோல்ட், 30 ஆம்ப், ஆர்.வி. பிளக், டி.டி-30" என்று எழுதிக்கொடுங்கள்.

## அறிகுறி 9: 120 வோல்ட் இருக்கிறது, விளக்கு மட்டும் மங்குகிறது

ஷோர் பவர் வருகிறது. கன்வெர்ட்டர் அதைப் பேட்டரிக்குக் கொண்டுபோகவில்லை. பேட்டரி முனையில் அளக்கவும். பிளக் இல்லாதபோது நிறைந்த ஈயப் பேட்டரி சுமார் 12.6, சொருகிய பிறகு 13.2 முதல் 14.4க்குள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் இந்த வரிசையில்:

1. பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச் அணைந்திருக்கிறதா.
2. பேனலில் கன்வெர்ட்டருக்கான கிளை பிரேக்கர்.
3. பேனலின் பியூஸ் பலகையில் 'ரிவர்ஸ் போலாரிட்டி' என்று எழுதியுள்ள பெரிய பியூஸ்கள், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்ப். பேட்டரியை மாற்றும்போது ஒரு கணம் முனை மாறித் தொட்டாலும் இவை போகும். பேட்டரி புதிதாகப் போட்ட பிறகு ஆரம்பித்த பழுது என்றால் நேரே இங்கே வாருங்கள்.
4. இழுவைக் கம்பிப் பக்கம், பேட்டரிக்கு அருகே உள்ள சின்னத் தானியங்கிப் பிரேக்கர். வெளியில் கிடந்து உப்பிலும் துருவிலும் கெடும். இருபுறமும் அளந்து வித்தியாசம் பார்க்கலாம்.
5. கன்வெர்ட்டர் வெளிமுனையில் 13க்கு மேல் வரவில்லை என்றால் கன்வெர்ட்டரே போய்விட்டது. விசிறி ஓடும் சத்தம் கேட்பதால் அது நலம் என்று ஆகிவிடாது.

லித்தியம் பேட்டரி மாற்றியிருந்தால், மீட்டரில் பேட்டரி பூஜ்யம் காட்டுவது அதன் பாதுகாப்புச் சுற்று துண்டித்ததாகவும் இருக்கலாம்; உறைநிலைக் குளிரில் அது சார்ஜை மறுக்கும். பேட்டரியைச் சூடான இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்த பிறகு கன்வெர்ட்டருக்குக் காசு கொடுங்கள்.